ஃப்ரீஸ்டைல் என்றொரு நீச்சலே கிடையாது

நீச்சல் போட்டி பார்க்கிற யாரிடமாவது "ஃப்ரீஸ்டைல்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். குப்புறப் படுத்து, கையை மாற்றி மாற்றி வீசி, காலை உதைத்துக்கொண்டு போகிற நீச்சல் என்பார்கள். அந்த நீச்சலுக்குப் பெயர் ஃப்ரண்ட் கிரால். ஃப்ரீஸ்டைல் என்பது போட்டியின் பெயர், நீச்சலின் பெயர் அல்ல. விதிப்புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: ஃப்ரீஸ்டைல் போட்டியில் எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம். நாய் நீச்சல் அடித்தாலும் செல்லும். களைத்துப் போனால் தரையில் கால் ஊன்றி நின்றுகொள்ளக்கூடச் செய்யலாம். ஆனால் ஓர் எட்டு எடுத்து வைத்தால் டிஸ்குவாலிஃபை.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஃப்ரீஸ்டைல் என்பது ஸ்பெக். கிரால் என்பது அதற்கு உலகம் முழுக்க எல்லோரும் எழுதுகிற ஒரே இம்ப்ளிமென்டேஷன். வேறு எதுவும் அந்த வேகத்துக்கு ஓடாது என்பதால்.

இதில் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. நான்கு முறைகளையும் கலந்து நீந்தும் மெட்லி போட்டியில், கடைசிப் பகுதிக்கும் ஃப்ரீஸ்டைல் என்றுதான் பெயர். ஆனால் அங்கே பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் மூன்றும் கூடாது. அதாவது "சுதந்திரம்" என்றால் ஓரிடத்தில் "எதுவும்", இன்னோரிடத்தில் "மற்ற மூன்றும் தவிர". ஒரே சொல், இரண்டு அர்த்தம். கோட் ரிவ்யூவில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்ததே ஒரு ஹீட் ஷீட்டால்தான். மகளின் முதல் போட்டிக்கு வந்த தாளில் அவள் பெயருக்கு எதிரே "என்டி" என்று இருந்தது. நோ டைம். இதுவரை பதிவான நேரம் இல்லை என்று பொருள். நேரம் இல்லாதவர்கள் முதல் ஹீட்டில், ஓரத்து லேன்களில். வேகமானவருக்கு நடு லேன்: எட்டு லேன் குளத்தில் 4ஆவது, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8. மேலிருந்து பார்த்தால் பறவைக் கூட்டம் போல ஒரு கூர்முனை உருவாகும்; முன்னால் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஹீட் என்ற சொல்லோ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. பந்தயத்துக்கு முன்னால் குதிரையின் உடம்பு சூடேற விடுகிற ஓட்டத்தைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள்.

கிராலுக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாகரிகமான நீச்சல் என்றால் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்தான். தலை மேலே, தண்ணீர் தெறிக்காமல், தவளை மாதிரி. 1844இல் லண்டனில் ஒரு போட்டிக்கு வட அமெரிக்காவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த இருவரை அழைத்து வந்தார்கள். கைகளைத் தண்ணீருக்கு மேலே காற்றாலை போல வீசி, காலை உதைத்து நீந்தினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வேகம் புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. தண்ணீரை இப்படி அடித்துத் தெறிக்கவிடுவது ஐரோப்பியத்தனமாக இல்லை என்று விட்டுவிட்டார்கள். 1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்தபோதும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்தான். 21 மணி 45 நிமிடம் ஆனது.

இடையில் 1873இல் ஜான் டிரட்ஜன் என்பவர் தென் அமெரிக்காவில் கற்ற ஒரு முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். கை மட்டும் மேலே வீசும், கால் கத்தரிக்கோல் மாதிரி. காலைச் சரிசெய்தது பசிபிக் தீவுக்காரர்கள். சாலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்காம் என்ற சிறுவன் நீந்துவதைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர், "அங்கே பார், ஊர்ந்து போறான்!" என்று கத்தியதில்தான் கிரால் என்ற பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, சிட்னியின் கேவில் குடும்பத்து சகோதரர்கள் வழியாக அது பரவியது. 1912 ஒலிம்பிக்கில் ஹவாயின் டியூக் கஹனமோக்கு 100 மீட்டர் தங்கம் வாங்கியபோது விவாதம் முடிந்தது. 1844இலிருந்து எண்ணினால் 68 வருடம். வேகமான முறை கண்ணெதிரே இருந்தும், அது யாருடையது என்பதால் தள்ளிவைத்த காலம்.

நம் பக்கத்துச் சொற்களுக்கு வருவோம். நான் இருக்கும் மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் ஏரியும் தூரமில்லை, கொரட்டூர் ஏரியும் தூரமில்லை. ஏரியிலும் கிணற்றிலும் பழகிய தலைமுறைக்கு நீச்சல் வகைகள் நன்றாகவே தெரியும்: நாய் நீச்சல், தவளை நீச்சல், மல்லாக்க நீச்சல், முங்கு நீச்சல். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காய்ந்த தகரடின்னோ, பிற்பாடு லாரி டியூபோ கட்டிப் பழகினார்கள். கிக்போர்டு என்று இப்போது குளத்தில் தரும் பொருளின் மூதாதைகள். சங்க இலக்கியத்தில் இதற்குப் "புணை" என்று அழகான சொல்லே இருக்கிறது.

ஆனால் இன்று சென்னையில் எந்தக் குளத்தங்கரையில் நின்றாலும் பயிற்சியாளர் வாயிலிருந்து வருவது "பேக் அடி", "பிரெஸ்ட் அடி", "இன்னும் நாலு லேப் ஃப்ரீ" என்பதுதான். பாடப்புத்தகமோ மார்பு நீச்சல், பின்நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றி வைக்கிறது. மார்பு நீச்சல் என்று யாராவது சொல்லி நான் கேட்டதே இல்லை. தவளை நீச்சல் என்று ஏற்கெனவே சொல் இருக்கும்போது எதற்கு இது? தவளை என்றால் கால் என்ன செய்ய வேண்டும் என்பது குழந்தைக்குச் சொல்லாமலே விளங்கும். பட்டர்ஃபிளைக்கு மட்டும் ஊர்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு: அந்த நீச்சலை எந்த ஊர்ச் சிறுவனும் கண்டுபிடிக்கவில்லை. விதிப்புத்தகத்தின் ஓட்டையிலிருந்து பிறந்தது அது.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக் விதியில் இரு கைகளும் ஒன்றாக முன்னே போக வேண்டும் என்று இருந்தது. தண்ணீருக்குள்ளேதான் போக வேண்டும் என்று இல்லை. 1930களில் அமெரிக்காவில் சிலர் கைகளை மேலே தூக்கி வீசிக் கொண்டுபோனார்கள். சட்டப்படி சரி. அயோவா பல்கலைக்கழகத்தில் ஆம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளரும் ஜாக் சீக் என்ற மாணவரும் அதோடு டால்ஃபின் மாதிரி இரு காலையும் சேர்த்து அடிக்கும் உதையைச் சேர்த்துப் பார்த்தார்கள். கால் விஷயத்தில் விதி தெளிவாக இருந்ததால் அது மட்டும் செல்லவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் வரும்போது, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இறுதிப் போட்டியில் கிட்டத்தட்ட எல்லோருமே கையைத் தூக்கி வீசினார்கள். பழைய தவளை நீச்சல் அழிந்துவிடும் நிலை. அந்த வருடமே சர்வதேசச் சம்மேளனமான ஃபினா இரண்டையும் பிரித்தது. 1956 மெல்போர்னில் பட்டர்ஃபிளை தனிப் போட்டியானது, டால்ஃபின் உதையோடு.

அதே மெல்போர்னில் இன்னொரு ஓட்டை. ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கம் வாங்கினார். மேற்பரப்பில் அலை இழுக்கும், அடியில் இழுக்காது. நம்ம முங்கு நீச்சல்தான். ஃபினா அதையும் மூடியது. 1988 சியோலில் பேக்ஸ்ட்ரோக்காரர்கள் பாதிக் குளத்தை மூழ்கியே கடந்தார்கள். முதலில் 10 மீட்டர் என்று வரம்பு வந்தது, பிறகு 15 ஆனது. இன்று லேன் கயிற்றில் 15 மீட்டரில் வேறு நிறத்தில் தெரியும் குறி அந்தச் சண்டையின் மிச்சம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சொல்: டச். நீச்சலில் போட்டி முடிவது சுவரைத் தொடும்போது. பார்ப்பதற்கு எளிது. 1960 ரோமில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஒன்றாக வந்தார்கள். முதலிடத்தைப் பார்க்க மூன்று நடுவர்கள்: இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைப் பார்க்க வேறு மூன்று நடுவர்கள்: அவர்களிலும் இருவர் டெவிட்தான் இரண்டாவது என்றார்கள்! கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர்களின் கணக்கில் லார்சனே வேகம். ஆனாலும் தலைமை நடுவர் தங்கத்தை டெவிட்டுக்குக் கொடுத்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு மின்னணு நேரக்கணிப்பு வேகமெடுத்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சுவரில் டச்பேட் வந்துவிட்டது. தொடும் கையே கடிகாரத்தை நிறுத்தும்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அடுத்தது 1972 மியூனிக். 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4 நிமிடம் 31.981 விநாடி. அமெரிக்காவின் டிம் மெக்கீ 4 நிமிடம் 31.983. விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. லார்சனுக்குத் தங்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த வேகத்தில் இந்த வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர். குளம் கட்டும் விதியோ, ஒரு லேன் 50 மீட்டரைவிட 3 சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கலாம் என்றது. 400 மீட்டரில் எட்டு முறை அந்த லேனைக் கடக்க வேண்டும். அதாவது கடிகாரம் அளந்தது மனிதனை அல்ல, கொத்தனாரின் சுவரை. பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் சமமானால் சமம்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் 100 மீட்டரில் இருவருக்குத் தங்கம்; 2016 ரியோவில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மூன்று பேருக்கு வெள்ளி, அதில் ஒருவர் மைக்கேல் ஃபெல்ப்ஸ். அளவுகோலின் துல்லியத்தைவிட அதிகமாகப் பேசாமல் இருக்கத் தெரிந்த விளையாட்டு என்று இதை மதிக்கிறேன்.

சாட்சி வேண்டும் என்ற இந்த ஆசை புதிதல்ல. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர் தடியூன்றிய முதுமையில் இளமையை நினைத்துப் பார்க்கிறார். மருத மரக்கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து, கரையில் நிற்பவர்கள் வியக்க, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய இளமை. கையில் இருக்கும் அந்தப் பிடி மணல்தான் டச்பேட். ஆழம் வரை போனேன் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

கடலில் நீந்தியவர்களுக்கு லேனும் இல்லை, ஹீட்டும் இல்லை. இலங்கையைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக் நீரிணையை நீந்திக் கோடியக்கரை வந்தார். சுமார் 27 மணி நேரம். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பினார். 51 மணி நேரம். நம்ம குற்றாலீஸ்வரன் 1994இல், பள்ளி வயதில், ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து மிகிர் சென்னின் ஐந்து என்ற சாதனையைத் தாண்டினார். அங்கே நூறில் ஒரு பங்கு விநாடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

குளத்துக்குள் அதுதான் எல்லாம். அதைக் காட்டும் சொல் "கட்". ஒலிம்பிக்குக்கு ஏ கட், பி கட் என்று இரண்டு நேர வரம்புகள். ஏ கட்டைத் தொட்டால் நேரடித் தகுதி. பி கட் என்றால் இடம் மிச்சமிருந்தால் கூப்பிடுவார்கள். இரண்டும் இல்லாத நாட்டுக்கு யுனிவர்சாலிட்டி ஒதுக்கீடு: ஓர் ஆண், ஒரு பெண். இந்திய நீச்சல்காரர்கள் பல காலம் இந்தக் கடைசிக் கதவு வழியாகத்தான் போனார்கள். 2016 ரியோவுக்குப் போன சஜன் பிரகாஷும் அப்படித்தான்.

சஜன் பிறந்தது கேரளத்தின் இடுக்கி, வளர்ந்தது நம் நெய்வேலி. அம்மா முன்னாள் தடகள வீராங்கனை, வேலை என்எல்சியில். சுரங்க நகரத்துக் குளத்தில் நீந்திப் பழகிய பையன். 2015 தேசிய விளையாட்டில் கேரளத்துக்காக ஆறு தங்கம், மூன்று வெள்ளி. பிறகு கழுத்துக் காயம், கொரோனா, மூடிய குளங்கள். 2021 ஜூனில் ரோமில் நடந்த செட்டே கோலி போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஏ கட் 1:56.48. பத்தில் ஒரு பங்கு விநாடி. தூரமாக மாற்றினால் 17 சென்டிமீட்டர், ஒரு ஜாண்கூட இல்லை. ஏ கட்டைத் தொட்ட முதல் இந்தியர்.

அதே ரோமில் பெங்களூருவின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.90இல் முடித்தார், வரம்பு 53.85. அதன் பின் அங்கேயே டைம் டிரயலில் இறங்கினார். டைம் டிரயல் என்றால் பதக்கம் இல்லை, எதிராளியும் கடிகாரம்தான். 53.77 வந்தது. அந்த நேரத்தை ஏற்பதா என்று ஃபினா முடிவு சொல்லும்வரை காத்திருந்து, பிறகு டோக்கியோ போனார்.

2024 பாரிஸுக்கு வரும்போது ஃபினாவின் பெயரே வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்று மாறியிருந்தது. பி கட்டின் அதிகாரப்பூர்வப் பெயரும் மாறியிருந்தது. இந்தியாவிலிருந்து போனவர்கள் ஸ்ரீஹரியும் 14 வயது தினிதி தேசிங்குவும். இருவருமே யுனிவர்சாலிட்டி ஒதுக்கீட்டில்.