கலப்பின மின்வாகனங்களில் அறை வெப்பமூட்டல்

கலப்பின மின்வாகனத்தின் பயணியர் அறை, பெட்ரோல் காரில் உள்ளதைப் போலவே, எஞ்சினைச் சுற்றிவரும் குளிர்விப்பு நீர்மத்தின் வெப்பத்தைச் சிறு வெப்பமாற்றி வழியே காற்றுக்கு ஏற்றிச் சூடாக்கப்படுகிறது. ஆனால் எரிபொருளைச் சேமிக்க எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் நீர்மம் ஆறிவிட, வெப்பத்துக்காகவே கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினை மீண்டும் இயக்க நேர்வது, குளிர்காலத்தில் இவ்வாகனங்களின் எரிபொருள் சிக்கனம் குறைவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். 2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், வீணாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும் வெப்பத்தை நீர்மத்துக்குத் திருப்பியும், எஞ்சின் நின்றபின்னும் நீர்மத்தைச் சுழற்றவல்ல மின்பம்பை அமைத்தும் இக்குறையை நேர்த்தியாகத் தணித்தது. சூடேறச் சூடேற மின்தடை உயர்ந்து தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் பீங்கான் சூடேற்றிகளும் துணைநிற்கின்றன. வெளியிலிருந்து மின்னேற்றக்கூடிய வகைகள் சிலவற்றில், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கடத்தும் வெப்ப எக்கி, கடுங்குளிர் இல்லாதவரை எஞ்சினை இயக்காமலே அறையைச் சூடாக்குகிறது.