மூக்கு ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் தெரியலாம்?

மூக்கு அழகு அறுவை சிகிச்சைப் பாடநூல்களில் ஒரு கணக்கு வரும். பக்கவாட்டில் பார்க்கும்போது, இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் உள்ள தடுப்பு, மூக்கு மடலின் விளிம்புக்குக் கீழே 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை தெரியலாம். அதைத் தாண்டினால் ‘ஓட்டை அதிகம் தெரிகிறது’ என்று குறையாக எழுதுவார்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான கோணம் ஆண்களுக்கு 90 முதல் 95 பாகை, பெண்களுக்கு சுமார் 95 முதல் 110 பாகை. மூக்கின் நீளம் முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அகலம், இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவு.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. நிரலுக்குள்ள காரணம் எழுதாம ஒரு எண் உட்கார்ந்திருந்தா, ‘இது எங்கேருந்து வந்துச்சு?’ன்னு கேட்போம். அதே கேள்வியோடு இந்த எண்களின் பின்னால் போய்ப் பார்த்தேன்.

முதலில் ஒன்று. மூக்கு அறுவை சிகிச்சை அழகுக்காகத் தொடங்கியதல்ல. மூக்கறுப்பது ஒரு தண்டனை, போரில் ஒரு அவமானம். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கருக்கும் மைசூருக்கும் நடந்த சண்டைக்கு ‘மூக்கறு போர்’ என்றே பெயர். ‘மூக்கறுபட்டான்’ என்று நாம் இன்றும் பேச்சில் சொல்கிறோம். அறுபட்ட மூக்கைத் திரும்ப வைக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. மூக்கின் அளவுக்கு ஒரு இலையை எடுத்து, அதே அளவில் கன்னத்துத் தோலை அறுத்து ஒட்ட வேண்டும். மூச்சு விட வசதியாக உள்ளே இரண்டு குழல்களை வைக்க வேண்டும். அங்கே அளவுகோல் அந்த ஆளின் சொந்த மூக்கு இருந்த இடம்தான்.

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ ஒரு கடிதம் வெளியிட்டது. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, 1792 போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் அச்செடுத்து, நெற்றித் தோலால் அவருக்குப் புது மூக்கு வைத்தார். இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ பிணங்களின் மீது பழகிப் பார்த்து, 1814ல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார்.

இதுவரை ‘இல்லாத மூக்கு’க்குச் சிகிச்சை. ‘இருக்கிற மூக்கு’க்குச் சிகிச்சை என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. 1887ல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் ஜான் ஆர்லாண்டோ ரோ, சப்பை மூக்கைத் திருத்தும் முறையை வெளியிட்டார். அன்றைய அமெரிக்கக் கேலிச்சித்திரங்களில் சப்பை மூக்கு என்றால் ஐரிஷ் குடியேறி. 1898ல் பெர்லினில் ஜாக் ஜோசப், மூக்கு பெரிதாக இருக்கிறதென்று வெளியே போகவே கூசிய ஒரு இளைஞரின் மூக்கைச் சிறிதாக்கினார். ஜோசப் ஒரு யூதர். யூத மூக்கு என்று ஊரே கேலி செய்த காலம் அது. அங்கே சிகிச்சைக்கு வந்தவர்கள் தேடியது அழகை மட்டுமல்ல. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத முகம் வேண்டும் என்பதையும்தான்.

சரி, ‘மூன்றில் ஒரு பங்கு’ எங்கேருந்து வந்தது? ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் முகத்தை மூன்று சம பங்காகப் பிரித்தார். மறுமலர்ச்சிக்கால ஓவியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலும் சிலைக்கு முகம் 12 அங்குலம், நெற்றி 4, மூக்கு 4, முகவாய் 4. நம் ஸ்தபதிகள் தாளக் கணக்கு பார்ப்பதும் இந்த வழியில்தான். ஆனால் இரண்டு இடத்திலும் அந்த அளவு கல்லுக்கும் சுவரோவியத்துக்கும்தான். உயிருள்ள மனிதரை அளந்து எழுதியதல்ல.

அளந்து பார்த்தவர் கனடாவின் லெஸ்லி ஃபர்காஸ். 1985ல் வெளியான ஆய்வில், வட அமெரிக்க வெள்ளையரிடமே இந்தப் பழைய விதிகள் பலவும் பொருந்தவில்லை. ‘மூக்கின் அகலம் = கண்களின் இடைவெளி’ என்பது பாதிக்கும் குறைவானவர்களிடமே சரியாக இருந்தது. யாரை மனதில் வைத்து விதி செய்தார்களோ, அவர்களுக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம்.

ஓட்டை தெரிவது வெறும் அழகு விஷயம் என்றும் ஒதுக்க முடியாது. மூக்கு நுனியைச் சிறிதாக்க குருத்தெலும்பை அதிகம் வெட்டிவிட்டால், சில ஆண்டுகளில் மடலின் விளிம்பு மேலே இழுத்துக்கொள்ளும், ஓட்டை முன்பைவிடப் பெரிதாகத் தெரியும், சிலருக்கு மூச்சும் அடைக்கும். பிறகு காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். அளவை எட்டுவதற்காக வெட்டிய கத்தியே அளவைக் கெடுக்கும் இடம் இது.

மில்லிமீட்டர் கணக்கு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கத்தி எடுப்பவருக்கு எல்லைக்கோடு ஒன்று வேண்டும். ஆனால் அது அறுவை அரங்கில் உதவும் அளவு. கண்ணாடி முன்னால் நிற்பவருக்குச் சொல்லப்படும் தீர்ப்பு அல்ல. சுஸ்ருதர் வைக்கச் சொன்ன அந்த இரண்டு குழல்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மூக்கு ஓட்டைக்கு முதல் வேலை மூச்சு. எவ்வளவு தெரிகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.