முசலிக் கரையில் ஒரு பருவத்து நகரம்

வீதி என்ற சொல்லைக் கேட்டதும் நிலையான ஒன்றே நம் மனக்கண்முன் தோன்றும். இருமருங்கும் வீடுகள், கடைகள், ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், நிழல் தரும் ஒரு மரம். தந்தை நடந்த வீதியிலே மகன் நடக்கின்றான். பருவங்கள் மாறுகின்றன, வீதி மாறுவதில்லை. ஆனால் பருவத்தோடு பிறந்து பருவத்தோடு மறைந்த வீதிகளும் உலகில் இருந்தன. அவற்றை நாடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நமது மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியாகிய முசலிக் கரையிலேயே அத்தகைய வீதிகள் நூற்றாண்டுக் கணக்காகத் தோன்றி மறைந்தன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த முத்துக்குளிப்பு நகரத்தைப் பற்றியே.

வடக்கே அருவி ஆறு கடலோடு கலக்கும் அரிப்பிலிருந்து, சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குழி, முள்ளிக்குளம் எனத் தெற்கு நோக்கிச் செல்லும் கரை இது. மறிச்சுக்கட்டிக்கு அப்பால் வில்பத்துக் காடு தொடங்கிவிடுகின்றது. கரைக்கு மேற்கே பல மைல் தொலைவில், ஆழங்குறைந்த கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் தளங்களை நம்மவர் ‘பார்’ என்றனர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. முத்துச்சிப்பிகள் விளைந்த வயல்கள் இவையே. முத்துக்குளிப்பைச் சலாபம் என்றும் வழங்குவர். சலாபத்துறையே காலப்போக்கில் சிலாவத்துறை ஆயிற்று என்பர்.

இக்கரையின் வாழ்வைக் காற்றே வகுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வரும் வாடை, கடலைக் கலக்கி, குளங்களை நிரப்பும். வைகாசிக்குப் பின் வீசும் சோளகம் அலையை எழுப்பும். இவ்விரண்டுக்கும் இடையே, மாசி முதல் சித்திரை வரை, கடல் அடங்கி, நீர் தெளிந்து கிடக்கும். உள்ளூரிலே அகத்திமுறிப்பு முதலிய குளங்களின் கீழ் விளைந்த மாரிப்போக நெல் களத்துக்கு வரும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஒருபுறம் சூடு மிதிக்கும் ஓசை. மறுபுறம் கடற்கரையிலே ஒரு நகரம் எழும்பும் ஓசை.

அந்நகரம் ஆண்டுதோறும் எழுவதில்லை. முத்துச்சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். முந்தினால் முத்து சிறுத்திருக்கும். பிந்தினால் சிப்பி தானே மடிந்துவிடும். ஆகையால் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளுக்கு விலை மதிப்பிட்ட பின்னரே குளிப்பை அறிவிப்பர். அறிவித்தல் கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும், பாரசீக வளைகுடாத் துறைகளுக்கும் எட்டும். உடனே வெறும் மணல்வெளியில் வீதிகள் அளந்து கயிறு கட்டப்படும். காட்டுத் தடிகளும் கிடுகுகளும் வண்டி வண்டியாக வந்திறங்கும். சில வாரங்களில் நீதிமன்று, சிறைக்கூடம், தபால் தந்திக் கந்தோர், மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் எழுந்துவிடும். 1797ஆம் ஆண்டு முதல் ஆங்கிலச் சேனையில் இலங்கையில் பணிபுரிந்த பேர்சிவல் என்பவர், சில குடிசைகளையன்றி வேறெதுவும் இல்லாத கொண்டச்சி மணல், பல நாட்டு மக்களால் நிறைந்த மாநகராக மாறும் விந்தையைத் தம் நூலில் வியந்து எழுதியுள்ளார். நூறாண்டுகளுக்குப் பின் மறிச்சுக்கட்டியிலும் இதே காட்சிதான். அங்கு கூடியோர் நாற்பதினாயிரம் வரை இருப்பர் என்று கணித்தோரும் உண்டு.

இந்த நகரத்தில் நாள் பிறந்தது விடியலில் அன்று, நள்ளிரவில். பீரங்கி முழங்கியதும் நூற்றுக்கணக்கான தோணிகள் தரைக்காற்றைப் பிடித்துக் கடலுக்குள் செல்லும். பொழுது புலரும்போது அவை பாரை அடைந்திருக்கும். குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, கூடையோடு ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் இறங்குவார். நம்மவர் கையால் மூக்கைப் பொத்திக்கொள்வர். அராபியர் கொம்பினால் ஆன கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் திரட்டிக் கயிற்றை அசைப்பார். தோணியிலே கயிறு பிடித்து நிற்பவர் அவரை மேலே இழுப்பார். குளிப்பவரின் உயிர் அந்தக் கயிறு பிடிப்பவரின் கவனத்தில் தங்கியிருந்தது. சுறாவை மந்திரத்தால் கட்டுவோர் எனப்பட்ட ‘கடல்கட்டி’கள் இன்றிக் குளிக்க மறுத்தவர் பலர். அம்மந்திரத்தை நம்பாத ஆங்கில அரசும், தொழில் தடைப்படாதிருக்க வேண்டி, அவர்களை அனுமதித்தே வந்தது.

நண்பகலில் குளிப்பு நிற்கும். கடற்காற்று எழுந்து பாய்களை நிரப்ப, தோணிகள் கரை நோக்கித் திரும்பும். அதுவரை உறங்கிக் கிடந்த வீதிகள் அப்போதுதான் கண் விழிக்கும். கரையில் திரண்ட கூட்டம், முதலில் தெரியும் பாயைக் கண்டு ஆரவாரிக்கும். சிப்பிகள் யாவும் ‘கொட்டு’ எனப்படும் வேலியிட்ட பெருங் கொட்டகைக்குச் செல்லவேண்டும். அங்கே குளித்தவர் தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரித்து வைப்பார். எந்த இரு குவியல்கள் அரசுக்கு என்பதை அதிகாரி சுட்டுவார். எஞ்சிய ஒன்று குளித்தவருக்கு. எது தமக்கு வரும் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், பங்கிடுபவர் நேர்மையாகவே பங்கிடுவார். எளிய ஏற்பாடுதான், ஆயினும் எண்ணி முடியாத பண்டத்தைச் சச்சரவின்றிப் பிரிப்பதற்கு இதனினும் சிறந்த வழி கிடையாது. 1906ஆம் ஆண்டில் இந்தக் கொட்டின் மேற்பார்வைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர் ஒருவர் பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற எழுத்தாளரானார். அவரே லெனாட் வூல்ஃப். இரவு பகலாகத் தாம் அங்கு உழைத்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் பதிந்துள்ளார்.

கொட்டின் வாயிலைக் கடந்ததும் வீதி தொடங்கும். தம் பங்குச் சிப்பிகளைக் கையில் ஏந்தி வரும் குளியாட்களை மக்கள் சூழ்ந்துகொள்வர். சில்லறைக் காசுக்கு இரண்டு மூன்று சிப்பிகளை வாங்கி, அந்த இடத்திலேயே கத்தியால் பிளந்து பார்ப்பவர் எத்தனையோ பேர். பெரும்பாலும் ஒன்றும் இராது. ஆயினும் ஒருவனுக்கு நல்ல முத்தொன்று கிடைத்துவிட்டால், அச்செய்தி அன்றிரவே நகரமெங்கும் பரவி, மறுநாள் நூறு பேரின் காசைக் கரைத்துவிடும். மாலையில் அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கின்றது என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கீழக்கரை மரைக்காயரும் இராமநாதபுரத்துச் செட்டிமாரும் பம்பாய் வணிகரும் அனுபவம் ஒன்றையே துணையாகக் கொண்டு விலை கூறுவர்.

விளக்கேற்றும் வேளையில் கடைத்தெரு களைகட்டும். நாணயம் மாற்றுவோர், புடைவை விற்போர், பழக்கடைக்காரர், பாம்பாட்டிகள், பக்கிரிகள் என வீதி நிறைந்திருக்கும். அவர்களிடையே மிகவும் கருத்தைக் கவர்ந்தவர் முத்துக்குத் துளையிடும் தொழிலாளர். தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்ற மரக்கட்டையின் மேற்குழியில் முத்தைப் பதித்து, வில்லால் துறப்பணத்தைச் சுழற்றுவார். பக்கத்தே சிரட்டையில் இருக்கும் நீரைத் தம் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு முத்தின்மீது சொட்டவிடுவார். கை ஒரு கணம் பிசகினால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய்க்கு ஈடான பொருள் பழுதாகிவிடும். வணிகர் பித்தளைச் சல்லடைகளில் முத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரிப்பர். உருண்டு திரண்டு ஒளிவிடும் ஆணிமுத்து முதல் மருந்துக்கு மட்டும் உதவும் தூள் வரை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி விலையும் இருந்தன.

இந்நகரத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. வாங்கிய சிப்பிகளை ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிட்டு, கழுவி, அடியில் தங்கும் முத்தை அரித்தெடுப்பர். அந்த நாற்றமும் ஈக்கூட்டமும் வீதியிலுள்ள அனைவருக்கும் பொது. முத்து மட்டுமே சிலருக்கு உரியது. நல்ல நீர் அரிதான மணலில் பல்லாயிரவர் நெருங்கி வாழ்ந்ததால் வாந்திபேதி அச்சம் எப்போதும் தலைக்குமேல் நின்றது. மூச்சையே முதலாகக் கொண்டு குளித்தவர் செல்வரானதாக வரலாறு பெரிதாக எதுவும் கூறவில்லை.

சோளகத்தின் முதல் வீச்சு கடலைக் கலக்கியதும் எல்லாம் முடிந்துவிடும். கடைசிப் பீரங்கி முழங்கும். கிடுகுகள் பிரிக்கப்படும், தோணிகள் தத்தம் துறைகளுக்குத் திரும்பும். சிப்பி ஓடுகளின் மேடுகள் மட்டும் எஞ்சும். இந்த நிலையாமையை வெல்ல முயன்றவர் ஒருவர் உண்டு. 1798 முதல் 1805 வரை ஆள்பதியாக இருந்த பிரெடரிக் நோர்த், குளிப்புக் காலத்தில் தாம் தங்குவதற்கென அரிப்பிலே கடலைப் பார்த்து ஒரு மாளிகை எழுப்பினார். நம் மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்று அழைக்கின்றனர். கிடுகு வீதிகளைப் பருவம் கொண்டு சென்றது. அந்தக் கல் மாளிகையைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டு செல்கின்றது. இன்று நிற்பன சில சுவர்களே.

நேயர்களே, அந்நகரம் ஏன் மீண்டும் எழவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பார்கள் வெறுமையாவது புதிதன்று. 1838 முதல் 1854 வரையும், 1892 முதல் 1902 வரையும் குளிப்பே நடைபெறவில்லை. நீரோட்டமும் மணலும் சிப்பி தின்னும் மீன்களும் விளைச்சலை அழிப்பதுண்டு. 1902ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹேட்மன், தம் உதவியாளர் ஹோர்னெலுடன் வந்து பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1907 வரை ஐந்து ஆண்டுகள் ஓய்வின்றிக் குளிப்பு நடந்தது. 1905ஆம் ஆண்டில் மட்டும் 318 தோணிகளில் சென்ற ஏறத்தாழ 5,000 குளியாட்கள் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசுக்குக் கிடைத்த தொகை 25 இலட்சம் ரூபாவைத் தாண்டிற்று. இந்தச் செழிப்பைக் கண்ட ஓர் ஆங்கிலக் கம்பனி, 1906ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. இரண்டு குளிப்புகளின் பின் பார்களில் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனியும் இல்லை. கடல் தந்தபோதெல்லாம் எடுத்தோம். அது இளைப்பாற இடம் கொடுத்தோமா என்ற வினா இன்றும் எஞ்சியுள்ளது. 1925ஆம் ஆண்டில் நடந்ததே குறிப்பிடத்தக்க கடைசிக் குளிப்பாகும். அதற்குள் யப்பானிய நாட்டு மிக்கிமோட்டோ, சிப்பியைக் கூட்டில் வளர்த்து முத்து விளைவிக்கும் முறையை உலகறியச் செய்துவிட்டார். இனிச் சிப்பி மீண்டாலும் அந்தச் சந்தை மீளாது என்றாயிற்று.

இவ்வளவு கூறியும், அந்த வீதிகளில் நிலையாகக் குடியிருந்தவர் எவருமிலர் என்பதை நாம் மறத்தலாகாது. வந்தவர் யாவரும் பருவத்தோடு சென்றனர். இருந்தவர், உள்ளூரில் வயல் செய்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த முசலி மக்களே. கொடுமை என்னவெனில், அவர்களுடைய நிலையான வீதிகளும் ஒருநாள் வெறுமையாயின. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களின் மக்களும் வீடு வாசல் விட்டுச் சென்றனர். அவருட் பெரும்பாலோர் புத்தளப் பகுதியில் இருபது ஆண்டுகளளவு அகதிகளாக வாழ்ந்தனர். 2007ஆம் ஆண்டில் முள்ளிக்குளத்துத் தமிழ் மக்களும் போரினால் தம் ஊரைவிட்டு நீங்கினர். ஆளற்ற வீதிகளில் காடு வளர்ந்தது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் மக்கள் திரும்பத் தொடங்கினர். சிலர் காட்டை வெட்டித் தம் வீட்டு அத்திவாரத்தைத் தேடிக் கண்டனர். சிலரது காணிகள் இன்னும் அவர்கள் கைக்கு முழுமையாக வரவில்லை. முத்து நகரம் பொருளுக்காக எழுந்தது. பொருள் தீர்ந்ததும் அதைத் தேடி எவரும் வரவில்லை. இந்த ஊர்களுக்கோ, ஒன்றுமே எஞ்சாத நிலையிலும், மக்கள் திரும்பி வந்தார்கள். தடியும் கிடுகும், ஏன் கல்லும் சுண்ணாம்புமேகூட, ஒரு வீதியை நிலைக்கச் செய்வதில்லை என்பதை முசலிக் கரை இருமுறை நமக்குக் கற்பித்துள்ளது.

இப்பொழுதும் மாசி மாதத்தில் இக்கரையில் கடல் அடங்கிக் கிடக்கும். பீரங்கி முழங்குவதில்லை. அரிப்பு மணலில் விளையாடும் பிள்ளைகள் எப்போதாவது பழைய சிப்பி ஓடொன்றை எடுத்து, உட்புறத்தின் ஒளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டின் கதையை அவர்களுக்குச் சொல்வது நம் கடமை. எட்டுக் கோடி சிப்பிகளை எடுத்த கதையோடு, அவை மீளாது போன கதையையும், வெளியேறியோர் மீண்டு வந்த கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.