மன்றம் கூடாத ஆண்டுகள்: வடசென்னைப் பெண்களும் நகராட்சி அரசியலும்

1921 ஏப்ரலில் சென்னை மாகாண சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். அதே ஆண்டு ஜூனில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் மூண்டது. அதையொட்டிய மோதலில் வியாசர்பாடியை அடுத்த புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் வடசென்னைப் பெண்களின் அரசியல் வரலாறு துலங்கும். வாக்குரிமை சொத்துத் தகுதியோடு பிணைந்திருந்தது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கு அது எட்டவில்லை. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த 1952 தேர்தல் வரை அவள் காத்திருந்தாள்.

வாக்கு இல்லாத அந்தக் காலத்தில் பெண்கள் மேடையையும் தெருவையும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என அழைக்கத் தீர்மானித்தது. மறுநாளே சௌகார்பேட்டையின் இந்து தியாலஜிகல் பள்ளி முன் இந்தி எதிர்ப்பு மறியலில் பெண்கள் கைதானார்கள். அம்மாநாட்டில் பங்கேற்ற மீனாம்பாள் சிவராஜ் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் முன்னணித் தலைவர். சென்னை மாநகராட்சியிலும் உறுப்பினராக இருந்தவர்.

அடுத்த தலைமுறையில் சத்தியவாணி முத்துவை முதன்மையாகக் கருதுகிறேன். தி.மு.க.வின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான அவர், குலக்கல்வித் திட்ட எதிர்ப்பில் சிறை சென்றவர். கட்சிக்கு அங்கீகாரம் கிடைக்காத 1957 தேர்தலில் பெரம்பூரில் சுயேச்சையாக நின்று வென்றார், 1962இல் தோற்றார், 1967இல் மீண்டும் வென்று அண்ணாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த துறைகளில் ஒன்று அரிசன நலம். தலித் பெண் தலைவரிடம் நலத்துறையை ஒப்படைக்கும் வழக்கம் அன்றே வேரூன்றியது. 1979இல் மத்திய அமைச்சரானபோதும் சமூகநலமே வந்தது. தாழ்த்தப்பட்டோரைக் கட்சி புறக்கணிக்கிறது என்று 1974இல் பதவி விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டதை வெறும் கட்சிப் பூசலாகச் சுருக்குவது நியாயமல்ல. பிரதிநிதியாக இருப்பது வேறு, முடிவெடுப்பது வேறு என்பதை அவர் தம் பதவியையே விலையாகக் கொடுத்துக் காட்டினார்.

ஆனால் வியாசர்பாடியில் ஒரு பெண்ணின் அன்றாடத்தைத் தொடும் முடிவுகள் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை: தெருவிளக்கு, கழிப்பிடம், மழைநீர் வடிகால், மழைக்காலத்தில் மூழ்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை. அந்த மாநகராட்சியின் மன்றமோ 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை கூடவே இல்லை. தனி அதிகாரிகளே நகரை நடத்தினார்கள். காமாட்சி ஜெயராமன் 1971-72இல் மேயராக இருந்தார். அடுத்த பெண் மேயர் வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளிக்குப் பெண்களின் தயக்கத்தைக் காரணம் காட்டுவோர், தேர்தலே நடக்காத ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு உறுதிசெய்தது. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றத்தின் காலம் முடிந்தது. மறுபடி தனி அதிகாரி. சென்னையில் ஐம்பது விழுக்காடு ஐந்தாண்டுக்கு மேல் சட்டப் புத்தகத்திலேயே கிடந்தது.

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வியாசர்பாடிக்குப் பக்கத்திலுள்ள திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74ஆம் வட்டத்தில் வென்ற ஆர். பிரியா, மார்ச் 4 அன்று 28 வயதில் மேயரானார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அதே ஆண்டு மாநகராட்சியில் பாலினம், கொள்கை தொடர்பான ஆய்வகம் ஒன்றும் தொடங்கப்பட்டது. பேருந்து நிறுத்தமும் தெருவிளக்கும் பெண்களுக்கு எப்படிப் பயன்படுகின்றன என்ற கேள்வி அலுவலகக் கோப்புக்குள் நுழைய அது வழிசெய்தது. வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளும் அவ்வாண்டே வந்தன. கவுன்சிலரைத் தெருவாசிகள் முறையாகக் கூடிக் கேள்வி கேட்க அவற்றில் இடமுண்டு.

சட்டமன்றத்தில் நிலைமை வேறு. 2021இல் 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். மகளிர் ஒதுக்கீட்டுக்கான 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொகுதி மறுவரையறைக்குப் பின்னரே நடைமுறைப்படுத்த முடியும். அதுவரை வடசென்னைப் பெண்களுக்குச் சட்டம் உறுதியளிக்கும் இடம் மாநகராட்சி மன்றம் ஒன்றே. அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு. 2016இல் மீறப்பட்டது அந்தப் பிரிவுதான்.