பார்ஸானி அனுப்பிய முத்துமாலை

குர்துகளை அமெரிக்கா கைவிட்ட கதைன்னா எல்லாரும் 2019-ல டிரம்ப் சிரியா எல்லையிலிருந்து படைகளை விலக்கினதைத்தான் சொல்றாங்க. எனக்கு என்னவோ 1975தான் ஞாபகத்துக்கு வருது.

1972-ல ஈரான் ஷா கேட்டுக்கிட்டதால, ஈராக் குர்துகளுக்கு ரகசியமா ஆயுதம் கொடுக்க நிக்ஸன் சம்மதிச்சார். குர்துத் தலைவர் முஸ்தஃபா பார்ஸானிக்கு ஷா மேல துளி நம்பிக்கை கிடையாது. அமெரிக்கா ஜாமீன் நிக்குதேன்னுதான் இறங்கினார். கிஸிஞ்சருக்குக் கம்பளங்கள் போச்சு. அவர் கல்யாணத்துக்கு, மணப்பெண்ணுக்குத் தங்கமும் முத்தும் கோத்த மாலை!

அந்த தைரியத்துலதான் 1974-ல பாக்தாத் அறிவிச்ச சுயாட்சியை நிராகரிச்சுட்டுப் போருக்குப் போனார்.

1975 மார்ச் 6, அல்ஜியர்ஸ். ஷத் அல் அரப் ஆற்றில் கேட்ட எல்லைக்கோடு கிடைச்சதும் ஷா, சதாமோட கைகுலுக்கிட்டார். உதவி நின்னுபோச்சு. பார்ஸானி கிஸிஞ்சருக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை.

ஷா எல்லையை மூடினப்புறம் ஆயுதத்தை எந்த வழியா அனுப்புறதுன்னு கிஸிஞ்சர் தரப்பு கேட்கலாம். வியட்நாமும் கைநழுவிப் போய்க்கிட்டிருந்த நேரம். நியாயம்தான். ஆனா கொடுமையைக் கேளுங்க: குர்துகள் ஜெயிக்கணும்னு ஷாவோ வாஷிங்டனோ நினைக்கவே இல்லையாம். ஈராக்கைக் களைப்பாக்கினா போதுமாம். பின்னாடி அமெரிக்க நாடாளுமன்றத்தோட பைக் கமிட்டி அறிக்கையே சொல்லுது. அதைக் குர்துகள்கிட்ட மட்டும் யாரும் சொல்லலை.

பார்ஸானி 1979-ல இறந்தார். வாஷிங்டன்ல, ஒரு ஆஸ்பத்திரியில.