வணிகக் கட்டட வளாக மேலாளர் நியமனம்

வளாக மேலாளர் என்பவர் அலுவலகக் கட்டடம், பேரங்காடி, கிடங்கு போன்ற வணிகச் சொத்து ஒன்றில் நாள்தோறும் இருந்து அதன் பராமரிப்பு, பாதுகாப்பு, வாடகைதாரர் குறைகள், ஒப்பந்தப் பணியாளர் மேற்பார்வை ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஆவார். பேச்சு வழக்கில் இவர் பில்டிங் மேனேஜர், எஸ்டேட் மேனேஜர், ஃபெசிலிட்டி மேனேஜர் எனப் பலவாறு அழைக்கப்படுகிறார். தலைமை அலுவலகத்தில் இருந்தபடி பல கட்டடங்களின் வாடகை, குத்தகை, வருவாய் ஆகியவற்றைக் கவனிக்கும் சொத்து மேலாளர் இவரிலிருந்து வேறுபட்டவர். இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இப்பணிக்கு ஆள் நியமிக்கும் முறையை விவரிக்கிறது.

உரிமம்

இந்தியாவில் வளாக மேலாளராகப் பணியாற்றத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. ஹாங்காங்கில் 2016 ஆம் ஆண்டின் சொத்து மேலாண்மைச் சேவைகள் சட்டத்தின்படி, 2020 ஆகஸ்ட் முதல் மேலாண்மை நிறுவனங்களுக்கும் மேற்பார்வைப் பொறுப்பில் உள்ளோருக்கும் உரிமம் வழங்கப்படுகிறது. மூன்றாண்டு இடைக்காலம் முடிந்தபின் அங்கு உரிமமின்றி இப்பணியைச் செய்வது குற்றமாகும்.

இந்திய நிலை சற்று முரணானது. கட்டட வாயிலில் காவலாளிகளை அமர்த்தும் நிறுவனம், தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 இன் கீழ் உரிமம் பெறவேண்டும். மின்தூக்கிக்கும் தமிழ்நாட்டில் 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். இவ்விரண்டையும் மேற்பார்வை செய்பவருக்கு மட்டும் எதுவும் வேண்டியதில்லை. எனவே தகுதியைச் சரிபார்க்கும் பணி முழுவதும் நியமிப்பவரையே சாருகிறது.

நியமிப்பவர்

கட்டடம் ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியதாயின் உரிமையாளரே மேலாளரை நியமிக்கிறார், அல்லது ஜேஎல்எல், சிபிஆர்இ போன்ற மேலாண்மை நிறுவனங்களிடம் அப்பணியை ஒப்படைக்கிறார். சென்னையில் 2010 இல் திறக்கப்பட்ட எக்ஸ்பிரஸ் அவென்யூ, கடைகளை வாடகைக்கு விடும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய வளாகத்தில் மேலாளருக்குக் கட்டளையிடுவோர் ஒரே தரப்பினர்.

அண்ணா சாலையிலுள்ள ஸ்பென்சர் பிளாசா போன்று கடைகள் தனித்தனியாகப் பலருக்கு விற்கப்பட்ட வளாகங்களில், உரிமையாளர் சங்கமே பொதுவாக மேலாளரை நியமிக்கிறது. அங்கு அவருடைய ஊதியமும் பழுதுபார்ப்புச் செலவும் உறுப்பினர்கள் செலுத்தும் பொதுப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து வரவேண்டும். கட்டணம் செலுத்தாத கடைக்காரரே தமது முதலாளிகளுள் ஒருவராகவும் இருப்பதால், நிலுவை வசூல் மேலாளருக்குக் கடினமான வேலையாகிறது. இதனை மேலாளர் செய்வதா, சங்கத்தின் பொருளாளர் செய்வதா என்பதை நியமனத்தின்போதே முடிவுசெய்தல் நன்று.

தகுதியும் தேர்வும்

மின்னியல் அல்லது இயந்திரவியலில் பட்டயமோ பட்டமோ பெற்றவர்களும், முப்படைகளின் தொழில்நுட்பப் பிரிவுகளில் ஓய்வுபெற்றவர்களும், தங்குவிடுதிப் பராமரிப்பில் பணியாற்றியவர்களும் இப்பணிக்கு வருகின்றனர். பன்னாட்டு வசதி மேலாண்மைச் சங்கம் வழங்கும் சான்றிதழ்கள் பெருநிறுவனங்களில் மதிக்கப்படுகின்றன. சிறு கட்டடங்களுக்கு அவை இன்றியமையாதவை அல்ல.

நேர்காணல் அறையில் கேட்கப்படும் வினாக்களைவிட, விண்ணப்பதாரரைக் கட்டடத்தினுள் அழைத்துச் சென்று பார்க்கச் செய்வது பயனுள்ள முறையாகும். அனுபவமுள்ளவர் வரவேற்புக் கூடத்தில் நேரம் செலவிடுவதில்லை. மின்மாற்றி அறை, மின்னாக்கி, தீயணைப்பு நீரேற்றி, படிக்கட்டின் கடைசித் தளக் கதவு, அடித்தள வாகன நிறுத்துமிடத்தின் மூலைகள் ஆகியவற்றையே முதலில் பார்ப்பார். தீயணைப்பு நீரேற்றி தானியங்கி நிலையில் உள்ளதா, அவசர வழிப் படிக்கட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளனவா என்பனவற்றைச் சொல்லாமலேயே கவனிப்பவர் பொருத்தமானவர் எனலாம். முந்தைய பணியிடத்தில் விசாரிக்கும்போது உரிமையாளரிடம் மட்டுமன்றி அங்குள்ள வாடகைதாரர் ஒருவரிடமும் கேட்பது வழக்கம். பழுதுபார்ப்பு ஒப்பந்தக்காரர்களிடம் தரகு பெறுதல் இத்துறையில் அறியப்பட்ட சிக்கல் என்பதால், மேலாளர் ஒருவரே விலைப்புள்ளி பெற்று, ஒருவரே ஒப்பளித்து, ஒருவரே பணம் வழங்கும் ஏற்பாடு தவிர்க்கப்படுகிறது.

அதிகாரமும் பொறுப்பும்

நியமன ஆணையில் ஊதியமும் விடுப்பும் விரிவாக எழுதப்படுகின்றன. மேலாளர் எவரையும் கேட்காமல் எவ்வளவு தொகை செலவிடலாம், எவற்றைத் தாமே நிறுத்தி வைக்கலாம் என்பன பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சனிக்கிழமை இரவில் மின்மாற்றியிலிருந்து எண்ணெய் கசிந்தால் மின்னிணைப்பைத் துண்டித்துக் கடைகளை மூடச்செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பது அந்த நேரத்தில் தீர்மானிக்கப்படும் வினாவாக இருக்கக்கூடாது.

1997 சூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் நேர்ந்த தீ விபத்தில் 59 பேர் இறந்தனர். தரைத்தளத்திலிருந்த மின்வாரிய மின்மாற்றியில் தீ பற்றியது. அதே மின்மாற்றி அன்று காலையிலும் தீப்பற்றி, பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் இயக்கப்பட்டிருந்தது. புகை மேல்மாடத்தை அடைந்தபோது, கூடுதலாக அமைக்கப்பட்ட இருக்கைகள் வெளியேறும் வழியைத் தடுத்தன. பார்வையாளர்களை எச்சரிக்கும் அறிவிப்பும் செய்யப்படவில்லை. 2007 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. உரிமையாளர்களுக்கு 2 ஆண்டுகளும், திரையரங்கின் மேலாளர்களுக்கும் வாயிற்காவலருக்கும் 7 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளில் இத்தண்டனைகள் மாற்றமடைந்தன. அன்றாட நிருவாகம் தங்கள் கையில் இல்லை என்ற உரிமையாளர்களின் வாதத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2014 இல் அவர்களின் குற்றத்தை உறுதிசெய்தது. மேலாளரை நியமிப்பதால் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை என்பதும், கூடுதல் இருக்கை போடும் முடிவை எடுக்காத ஊழியரும் அதன் விளைவுக்காகக் கூண்டில் நிற்க நேரிடலாம் என்பதும் இவ்வழக்கால் தெரியவருகின்றன.

கழிவுநீர்த் தொட்டி

வளாக மேலாளரின் ஒரு தொலைபேசி அழைப்பு உயிரிழப்பில் முடியக்கூடிய இடம் கழிவுநீர்த் தொட்டியாகும். அடைப்பு ஏற்படும்போது வாடகைதாரர்களின் நெருக்குதலுக்கு ஆளாகி, கிடைத்த தொழிலாளியை உள்ளே இறக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தொட்டியில் தேங்கும் ஐதரசன் சல்பைடு வளி சில நொடிகளில் மயக்கமூட்டுவது. முதலில் இறங்கியவரைத் தூக்கச் செல்பவரும் அவ்வாறே இறப்பதுண்டு.

கையால் மலம் அள்ளும் பணிக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றி மனிதரை இவ்வாறு இறக்குவதைத் தடை செய்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் மறைமுகமாக அமர்த்தினாலும் குற்றமே. முதல் முறை குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014 இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. உறிஞ்சு ஊர்தியை வரவழைக்க ஒப்புதல் பெறவேண்டிய மேலாளரைவிட, அதனைத் தாமே வரவழைக்கும் அதிகாரமுள்ள மேலாளர் இச்சட்டத்தை மீறும் வாய்ப்பு குறைவு.

ஒப்பந்தப் பணியாளர்

துப்புரவு, காவல் பணியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் வழியாகவே வருகின்றனர். ஒப்பந்ததாரர் ஊதியம் வழங்கத் தவறினால் அதனை முதன்மை வேலையளிப்பவர் வழங்கவேண்டும் என்ற விதி, 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. ஆகவே வருகைப் பதிவேட்டையும் வைப்புநிதிச் செலுத்துச் சீட்டுகளையும் மாதந்தோறும் சரிபார்ப்பது மேலாளரின் கடமைகளுள் சேர்க்கப்படுகிறது.

பொறுப்பு ஒப்படைப்பு

பழைய மேலாளர் விலகும் முன்னரே புதியவர் சேர்ந்து, இருவரும் சில வாரங்களேனும் சேர்ந்து பணியாற்றுவது விரும்பத்தக்கது. கட்டட வரைபடங்கள், மின்தூக்கி உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள், சாவிகள் ஆகியவை பட்டியலிட்டுக் கையொப்பத்துடன் பெறப்படுகின்றன. எந்த வால்வு எந்தத் தளத்துக்கு உரியது, எந்த மின்சுற்று வரைபடத்தில் உள்ளவாறு இல்லை என்பன எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. அவை முந்தையவருடன் நடந்து பார்த்தே அறியப்படுகின்றன.