கைலியும் கரண்டியும்: நமது பண்டாரிகளின் வரலாறு

நமது சங்கத்தின் பொன்விழா மலரில் பள்ளிவாசல்களைப் பற்றியும் கல்வி நிதியைப் பற்றியும் எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கைலி மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள், எங்களுக்குத் தெரிந்த சரக்கிலிருந்தே தொடங்குகிறோம். கைலியை மிக அதிகமாக உழைக்க வைத்தவர்கள் சமையற்காரர்கள், அதாவது நம் பேச்சில் பண்டாரிகள். அந்த உடைக்கும் அந்தத் தொழிலுக்கும் நம்மிடையே கிடைத்த மதிப்பைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. ஐரோப்பியர் வாயில் பழவேற்காடு 'புலிக்காட்' ஆயிற்று. மலாயில் 'பெலிக்காட்' ஆயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கித் தென்கிழக்காசியத் தீவுகளில் வாசனைப் பொருள்களுக்கு மாற்றினார்கள். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து நம்மவர்களும் துணி ஏற்றிக் கெடாவுக்கும் ஆச்சேக்கும் மலாக்காவுக்கும் வந்து போனார்கள். ஆகவே கைலி இந்த நாட்டிற்குக் கூலியின் உடையாக வரவில்லை. விலையுள்ள வணிகச் சரக்காக வந்தது. இன்றும் குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலி நெய்கிறார்கள். மலாய்க்காரர் அதை வீட்டிலும் தொழுகைக்கும் மரியாதையாக உடுத்துகிறார்கள்.

1786-இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்குப் போய்த் துறைமுகம் வளர்ந்தபோது, சூலியா வணிகர்களோடு உழைப்பாளிகளும் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பலர் வந்தார்கள். துறைமுகத் தொழிலாளிக்குக் காலையில் வயிறு நிறையச் சோறு வேண்டும். அதைக் கொடுத்தவர்கள் நம் பண்டாரிகள். தோளில் ஒரு தடி, அதன் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. அந்தத் தடிக்கு மலாயில் 'கண்டார்' என்று பெயர். அதிலிருந்தே 'நாசி கண்டார்' வந்தது. தோளிலிருந்து இறங்கிய தடி பிறகு கடையாயிற்று. கேம்பல் வீதி ஹமீதியா 1907 முதல் நடப்பதாகச் சொல்லப்படுவதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அந்தத் தடியைச் சுமந்தவர் உடுத்தியது கைலி. ஏன் கைலி? எங்கள் வியாபாரத்திலிருந்தே சொல்லலாம். பருத்திக் கைலி வியர்வையை உறிஞ்சும், காற்று விடும். அடுப்பருகே தீப்பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அப்படி ஒட்டாது. இடுப்பில் பை வைத்த அகல வாரைக் கட்டினால் சில்லறைக்கும் இடமாயிற்று. நடக்கும்போது மடித்துக் கட்டலாம், உட்கார்ந்து வெங்காயம் அரியும்போது இறக்கி விடலாம். ஆனால் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் மடித்துக் கட்டி நிற்கக் கூடாது என்பார்கள் எங்களிடம் சரக்கு வாங்கும் மூத்த பண்டாரிகள். கொதிக்கும் எண்ணெய் முழங்காலைப் பார்த்துத் தெறிக்காமல் இருக்குமா? தேர்ந்த சமையற்காரர் உடையில் பார்ப்பது அதைத்தான்: வேலைக்கு இடைஞ்சலா, தீக்கு ஆபத்தா, சுத்தமா. அழகு, நாகரிகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பண்டாரியின் ஒழுங்கும் அப்படித்தான். கல்யாண வீட்டில் ஐந்தாறு தேக்சா அடுப்பில் ஏறினால் அங்கே அவர் சொல்தான் சட்டம். அரிசியை எப்போது வடிக்க வேண்டும், தணலை எப்போது மூடிமேல் அள்ளிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் கண் பார்த்துச் சொல்வது. தம் போட்ட பிறகு மூடியைத் திறக்க வீட்டுக்காரருக்கே அனுமதி கிடையாது. ஒரு கரண்டி உப்பு கூடினால் பந்தி முழுவதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை உணர்ந்தவர் சத்தம் போட மாட்டார்; எடுபிடிப் பையன்கள் அவர் கண்ணசைவில் வேலை செய்வார்கள்.

பாரிஸிலும் லண்டனிலும் சமையற்கூடங்களை ஒழுங்குபடுத்திய பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்கோஃபியே (1846-1935) செய்ததும் இதுதான். சாஸுக்கு ஒருவர், பொரியலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்து, சமையற்கூடத்தில் கூச்சலும் குடியும் கூடாது என்று கண்டிப்புக் காட்டினார். அவருடைய தொழிலின் உடையையும் கவனியுங்கள். இரட்டை மடிப்பு வெள்ளைச் சட்டையில் முன்பக்கம் கறை பட்டால் மடிப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். காற்சட்டையில் கறை தெரியாதிருக்கச் சிறு கட்டம். நம் கைலியிலும் கட்டம்தான். ஆனால் அந்தக் கட்டம் போட்டவரை உலகம் 'செஃப்' என்று அழைத்தது. இந்தக் கட்டம் போட்டவரை 'கடையில் சமைக்கிறவர்' என்றே சொன்னது.

உடைக்கு மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்பதற்கு ஸ்காட்லாந்தின் கில்ட் நல்ல சான்று. அதுவும் இடுப்பில் சுற்றும் கட்டத் துணிதான். மலைநாட்டு மக்கள் அணிந்த அந்த உடையை, 1745-46 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782-இல் தடை நீங்கியது. 1822-இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர் அங்கே கில்ட் அணிந்து தோன்றினார். நாற்பதே ஆண்டுகளில் குற்றவாளியின் உடை அரச உடையாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பக்கப்பைகள் வைத்த உழைப்பாளிக் கில்ட் ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். இன்று அதை இளைஞர்கள் சாதாரண உடையாகவே அணிகிறார்கள். துணி மாறவில்லை, பார்க்கிறவர் கண்தான் மாறியது.

நம் கதைக்கு வருவோம். மலேசியாவில் உணவுச் சுகாதார விதிமுறைகள் 2009 வந்தபின், உணவைக் கையாள்வோருக்குப் பயிற்சியும் தடுப்பூசியும் ஏப்ரனும் தலைமறைப்பும் கட்டாயமாயின. பெரும்பாலான கடைகளில் கைலியின் இடத்தைக் காற்சட்டை பிடித்துக்கொண்டது. இதில் எங்களுக்கு வருத்தமில்லை. கைலி விற்கும் நாங்களே சொல்கிறோம்: சுத்தத்திற்காக உடை மாறினால் எந்த நல்ல பண்டாரியும் மறுக்க மாட்டார்.

எங்கள் வருத்தம் வேறு. பெண் பேசும்போது அத்தாவின் தொழில் 'சாப்பாட்டுக் கடை முதலாளி' என்றால் குரல் உயர்கிறது. 'பண்டாரி' என்றால் தாழ்கிறது. பிள்ளையின் பள்ளிப் பாரத்தில் 'வியாபாரம்' என்று எழுதுகிறோம். அதே பிள்ளை கல்லூரியில் சமையற்கலை படித்து வெள்ளைச் சட்டை போட்டால், படமெடுத்து உறவுக்கெல்லாம் அனுப்புகிறோம். மகன் செஃப் ஆனதில் பெருமைப்படும் நாம், அத்தா பண்டாரியாக இருந்ததைச் சொல்ல ஏன் தயங்குகிறோம்? அவர் கைலியோடு அடுப்படியில் நின்று சம்பாதித்த காசில்தான் நம்மில் பலர் படித்தோம். டிப்ளமோ வாங்கிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இந்தத் தயக்கத்திற்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். கைப்பக்குவம் ஏட்டில் இல்லை; எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு இறைச்சி, எந்த மசாலாவை எப்போது போடுவது என்பதெல்லாம் பண்டாரிகளின் நினைவில் மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. ஒவ்வொரு மூத்த பண்டாரியின் மறைவோடும் ஒரு சமையல் மறைகிறது.

எனவே பொன்விழா ஆண்டில் சங்கத்துக்கும் குடும்பங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் மூன்று. நம் விருந்துகளில் சமைத்தவர்களின் பெயர்களைச் சங்கப் பதிவேட்டில் 'பண்டாரி' என்ற சொல்லோடே எழுதுவோம். வீட்டில் முதியவர் இருந்தால், அளவுகளை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்வோம். கைலி கட்டி அடுப்பருகே நிற்கும் பழைய புகைப்படங்கள் பெட்டிக்குள் இருந்தால், வெளியே எடுத்துச் சங்கக் கூடத்தின் சுவரில் மாட்டக் கொடுப்போம்.

அந்தப் படங்களுக்குச் சட்டமிடும் செலவை எங்கள் கடை ஏற்றுக்கொள்ளும்.